சுகந்தியின் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி

தொண்ணூறாம் ஆண்டு கொழும்பில், கனடாக் குடிவரவுப் படிவம் ஒன்றில், பிள்ளைகளின் பெயர் எழுதும் இடத்தில் நான் என் மகளின் பெயரை எழுதவில்லை. மறதியால் அல்ல. கூட வருபவர், வராதவர் எல்லோருடைய பெயரையும் எழுதவேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. எனக்கு ஆங்கிலம் தெரியும். முதல் வரியில் மகன் ரமணனின் பெயரை எழுதினேன். இரண்டாவது வரியில் அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டேன்.

மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"சுகந்தியின்ர பேர் எங்கை?"

"போனவளுக்கு என்ன பேர்? கையெழுத்தை வையும்" என்றேன். வைத்தாள்.

சுகந்தி அதற்கு ஆறு வருடம் முன்னர் தன்னோடு வேலை செய்த அன்ரன் என்பவனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவன் வேதக்காரன், கிறிஸ்தவன் என்று எல்லோரிடமும் சொன்னேன். மதத்தைவிட அவனுடைய சாதிதான் என்னை உறுத்தியது. சைவப் பாடசாலை ஒன்றின் தலைமை ஆசிரியராக இருந்தவன் அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டேன். இன்று ஒளிக்க எதுவும் இல்லை.

நாங்கள் மகனிடம் ரொறன்ரோ வந்தோம். அவள் எங்களுக்கு முன்னரே கணவனோடு ஜேர்மனிக்குப் போயிருந்தாள். நான்கு வருடத்தில் மனைவிக்குப் புற்றுநோய் என்றார்கள். தாயைப் பார்க்க வர சுகந்தி விசா கேட்டாள். குடிவரவு அதிகாரிகள் எங்கள் பழைய கோப்பை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தத் தம்பதிக்கு ஒரே பிள்ளை, அதுவும் ஆண் என்று அதில் இருந்தது. விசா மறுக்கப்பட்டது. ஸ்காபரோ ஆஸ்பத்திரியின் ஐந்தாம் மாடியில் மனைவி வாசலைப் பார்த்தபடி இறந்தாள்.

கடைசியாக அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். சுகந்திக்கு ஆறு வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்தபோது, மடுத் தேவாலயத்து மாதாவுக்கு அவள் உயரத்தில் மெழுகுதிரி கொளுத்துவதாக மனைவி நேர்ந்திருந்தாள். எங்கள் ஊர்ச் சைவர்கள் பலரும் மடுவுக்குப் போவார்கள். என் மனைவி போகக்கூடாது என்று நான் தடுத்துவிட்டேன். "அந்த நேர்த்தியைத் தீர்த்துவிடுங்கோ" என்றாள். மடுவுக்குப் போகும் பாதையில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

இரண்டு வருடம் கழித்து ரமணன் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அப்பா, ஜேர்மனியிலை கெவலார் எண்டு ஒரு மாதா கோயில் இருக்கு. ஒவ்வொரு ஆவணியும் ஐரோப்பாவிலை இருக்கிற எங்கடை சனம் முழுக்க அங்கை கூடும். அக்காவும் போறவ." தமக்கையோடு அவன் இத்தனை காலமும் தொலைபேசியில் பேசி வந்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவளுடைய இலக்கத்தைக் கேட்டேன். தரவில்லை. "நான் சொன்னது எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றான்.

புறப்படுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் போய்ச் சத்தியக்கடதாசி முடித்தேன். சுகந்தி என் மகள், அறிந்தே அவள் பெயரை விட்டேன், தவறு என்னுடையது மட்டுமே என்று அதில் இருந்தது. அங்கே வேலை செய்த தமிழ்ப் பிள்ளை, "அங்கிள், உது உங்களுக்குத்தான் பிரச்சினையாய் வரும். திருப்பியும் அனுப்புவாங்கள்" என்றாள். ஒரு பிரதியைக் குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, மற்றதைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பாரிசுக்கு விமானம் ஏறினேன்.

கூட வந்தவர் கந்தையா அண்ணை. ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் எங்கள் கட்டடத்தில் கீழ்மாடிக்காரர், எழுபத்தாறு வயது. வடபகுதி ரயில் பாதையில் முப்பத்தைந்து வருடம் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவர். பாரிசில் அவருடைய சகோதரியின் மகன், மருமகன் முறையானவன், இருந்தான். "வாத்தியார், ஐரோப்பாவிலை ரயிலை நான் பார்த்துக்கொள்ளுறன். கோயிலை நீர் பாரும்" என்று பொறுப்பைப் பிரித்துவிட்டார்.

மருமகனின் வீடு ஆறாம் மாடியில் இருந்தது. லிப்ட் இல்லை. ரொறன்ரோவில் இரண்டாம் மாடிக்கே லிப்டுக்காக நின்று பழகிய நாங்கள் ஒவ்வொரு மாடியிலும் படியில் குந்தியிருந்து எழும்பினோம். மேலே போனதும் மருமகனின் மனைவி முழம் நீளப் பாணை முறித்து, இடிச்ச சம்பலும் சொதியும் வைத்தாள். "பொல்லுப் போலக் கிடக்கு. அடிக்கிறதுக்கோ சாப்பிடுறதுக்கோ?" என்று கேட்டபடி கந்தையா அண்ணை ஒரு முழுப் பாணைச் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் நோத்ர தாம் தேவாலயம். முப்பது வருடம் கரும்பலகையில் வெண்கட்டியால் நான் எழுதிய பெயர். நெப்போலியன் முடியைத் தானே எடுத்துத் தன் தலையில் வைத்தது இங்கேதான் என்று எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பேன். உள்ளே போனபோது அது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கல் தூண்களுக்கிடையில் ஒரே இருட்டு. வட்டமான வண்ணக் கண்ணாடிச் சாளரம் மட்டும் மேலே எரிந்துகொண்டிருந்தது. ரொறன்ரோவில் நூறு வயதுக் கட்டடத்துக்கே பெயர்ப்பலகை மாட்டி வைத்திருப்பார்கள். இங்கே எட்டு நூற்றாண்டுக் கல்லின்மேல் ஒருவன் சாய்ந்து நின்று சப்பாத்துக்குள் விழுந்த மண்ணைத் தட்டினான்.

பக்கத்தில், செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யும் கூண்டு இருந்தது. கேட்கும் குருவானவருக்கு எந்தெந்த மொழிகள் தெரியும் என்று அட்டையில் எழுதியிருந்தது. தமிழ் இல்லை. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி வெளியே வந்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, காத்திருந்த கணவனிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். மருமகனிடம் கேட்டேன். "பசிக்குது, சாப்பிடப் போவம் எண்டு சொல்லுறா" என்றான். அந்தப் பெண்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

மூன்றாம் நாள் மொன்மார்த்ர் குன்றின் மேல் இருக்கும் வெள்ளைத் தேவாலயத்துக்குப் போனோம். படிகளைப் பார்த்ததும் கந்தையா அண்ணை முழங்காலைப் பிடித்துக்கொண்டார். இழுவை ரயில் ஒன்று குன்றில் ஏறுவதைக் கண்டுவிட்டு, "இதுக்கு என்ர அனுமதி உண்டு" என்று ஏறிக்கொண்டார். மேலே நின்று பார்த்தால் பாரிஸ் முழுதும் சாம்பல் நிறத்தில் விரிந்து கிடந்தது. என் மனைவி வைத்திருந்த ஒரு கலண்டரில் இந்தப் படம் இருந்தது. வருடம் முடிந்த பிறகும் அந்தத் தாளை அவள் கிழிக்கவில்லை. அதை நான் கந்தையா அண்ணையிடம் சொன்னபோது அவர் பகிடி விடவில்லை. தன் மஃப்ளரைக் கழற்றி என் கழுத்தில் சுற்றினார்.

ஐந்தாம் நாள் கொலோன் நகரம். ரயிலால் இறங்கி வெளியே கால் வைத்தால் தேவாலயம் முகத்தில் மோதுவது போல் நிற்கிறது. கரி பிடித்த கறுப்பு. கட்டத் தொடங்கி, பாதியில் விட்டு, முடிக்க அறுநூறு வருடத்துக்கு மேல் எடுத்ததாம். அரைகுறைக் கோபுரத்தின் உச்சியில் பாரம்தூக்கி ஒன்று நூற்றாண்டுக் கணக்காக அப்படியே நின்றதாம். கீழே இருந்தவர்கள் பிறந்து, அதைப் பார்த்து வளர்ந்து, செத்தும் போயிருக்கிறார்கள். விட்ட வேலையை யாரோ ஒருநாள் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு அது பன்னிரண்டு வருடம்.

உள்ளே தங்கப் பேழை ஒன்றில், குழந்தை யேசுவைப் பார்க்க வந்த மூன்று ராசாக்களின் எலும்புகள் இருப்பதாகச் சொன்னார்கள்.

"எலும்பைத் தங்கத்திலை வைச்சிருக்கிறாங்கள். நாங்கள் எண்டால் சாம்பலைக் கரைச்சுப்போட்டுத் தலை முழுகிறம்" என்றார் கந்தையா அண்ணை.

"தலை முழுகினால் போயிடுமோ அண்ணை?"

அவர் என்னைப் பார்த்தார். "வாத்தியார், நீர் ஊர் பார்க்க வரேல்லை. என்ன விசயம்?" அங்கேயே ஒரு மர வாங்கில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு மகள் ஒருத்தி இருப்பதே ஐந்து வருட அயலவருக்குத் தெரியாது. கேட்டு முடித்து, "உம்மை நான் நல்ல மனுசன் எண்டு நினைச்சிருந்தன்" என்றார். 

மறுநாள் கெவலாருக்கு ரயில். எந்தப் பெட்டியிலும் ஏறலாம் என்று ஸ்ரேசன் மாஸ்ரர் தீர்ப்புச் சொன்னார். முன்பெட்டியில் ஏறினோம். வழியில் ஒரு சந்தியில் ரயில் இரண்டாகப் பிரிந்து, பின்பாதி கெவலார் பக்கமும் முன்பாதி வேறு பக்கமும் போயிற்று. இறங்கிய சின்ன நிலையத்தில் எங்களைத் தவிர ஒரு ஜேர்மன் கிழவி மட்டும் இருந்தாள். "மாதாவிடம் போகிறீர்களா? இந்தக் கிழமை உங்களைப் போன்ற எல்லோரும் மாதாவிடம்தான் போகிறார்கள்" என்று உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி ஆளுக்கு ஓர் அப்பிள் தந்தாள். கந்தையா அண்ணை அப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தபடி இருந்தார். "முப்பத்தைந்து வருசம் வாத்தியார். ஒரு பெட்டியைப் பிழையாய் விட்டதில்லை."

ஒரு மணித்தியாலம் பிந்திக் கெவலாரில் இறங்கினால், பாதி யாழ்ப்பாணம் அங்கே நின்றது. பட்டுச் சேலைகள், பொட்டு, விபூதிகூட. கார்களில் ஹொலன்ட், பிரான்ஸ், சுவிஸ் இலக்கங்கள். டிக்கிக்குள் இருந்து இடியப்பப் பெட்டிகள் இறங்கின. மாதாவின் படம் இருக்கும் சிற்றாலயத்தைச் சுற்றி வரிசை. எங்கள் முறை வந்தபோது பார்த்தேன். பொன்னும் வெள்ளியும் சூழ்ந்த சட்டத்தின் நடுவே உள்ளங்கை அளவில் ஒரு பழைய கடதாசி. அச்சடித்த சாதாரணக் கடதாசி. அதைப் பார்க்கத்தான் அத்தனை சனமும்.

மெழுகுதிரிக் கடையில்தான் முட்டுப்பட்டேன். சுகந்தியின் உயரம் என்ன? கடைசியாக அவளைக் கண்ட நாளில் வாசலில் நின்று "நான் போறன் அப்பா" என்றாள். என் புருவம் வரை இருந்தாள். அந்த உயரத்தில் அங்கே மெழுகுதிரி இல்லை. கந்தையா அண்ணை பெரியது ஒன்றும் சின்னது ஒன்றுமாக வாங்கி, லைட்டரால் அடியை உருக்கிப் பெரியதன் தலையில் சின்னதை ஒட்டினார். சற்றே வளைந்து நின்றது. "கிட்டத்தட்ட நேர்தான். பிடியும், நான் வாறன்" என்று கூட்டத்துக்குள் போய்விட்டார்.

அந்த ஆயிரக்கணக்கான தலைகளுக்குள் அவளை எப்படித் தேடுவது என்று மலைத்து நிற்கும்போதே ஒலிபெருக்கியில் அவருடைய குரல் கேட்டது. ரயில் அறிவித்த அதே குரல்.

"அன்பார்ந்த பக்தர்களின் கவனத்துக்கு! ஜேர்மனியைச் சேர்ந்த திருமதி சுகந்தி அன்ரன்! கனடாவிலிருந்து வருகை தந்திருக்கும் உங்கள் தகப்பனார் பெரிய மெழுகுதிரியுடன் மேடைக்கு வலப்பக்கம் நிற்கிறார். உடனடியாக வரவும்!" இரண்டு தடவை சொன்னார்.

அவள் வந்தாள். ஓடி வந்தாள். முன்தலை நரைத்திருந்தது. பின்னால் ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் குழந்தை. என் முகத்தை ஒரு கணம்தான் பார்த்தாள்.

"ஆர் உதைச் சொல்லச் சொன்னது? ஆர் சொல்லச் சொன்னது?"

கோபம் இல்லை அது. பயம். பக்கத்தில் நின்ற ஒருத்தி, "என்ன சுகந்தி, உம்முடைய அப்பா செத்துப்போனார் எண்டெல்லோ சொன்னனீர்?" என்று கேட்டாள். சுகந்தி அவளிடம், "அப்பாவின்ர தம்பி முறை, அக்கா. பிழையாய்ச் சொல்லிப்போட்டாங்கள்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்போடு என்னை ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போனாள்.

மைக்கில் இருந்து வெற்றி வீரர் போலத் திரும்பிய கந்தையா அண்ணை எங்கள் முகங்களைக் கண்டு தூரத்திலேயே நின்றுவிட்டார்.

நான் சத்தியக்கடதாசியை எடுத்துக் கொடுத்தேன். பேசுவதற்காகப் பன்னிரண்டு வருடமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் அந்த ஒரு தாளில் இருப்பதாக எண்ணியிருந்தேன். இரண்டு தரம் வாசித்தாள். 

"அம்மா படுக்கையிலை கிடக்கேக்கை உது இருந்திருக்க வேணும்" என்றாள்.

"ஓம் பிள்ளை."

"இப்ப இது எனக்குக் கூடாது. விளங்குதோ? நானும் ஒரு போமிலை எழுதினனான். இங்கை அகதி விண்ணப்பம் போடேக்கை. தகப்பன் கொழும்பிலை இருக்கிறார் எண்டு சொன்னால், அங்கை போய் அவரோடை இரு எண்டு திருப்பி அனுப்புவாங்கள் எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவன். தகப்பன் இறந்துவிட்டார் எண்டு எழுதினன். அவன் சொன்னதாலை மட்டுமில்லை. எழுதேக்கை எனக்குக் கை கூசேல்லை." கடதாசியை நாலாக மடித்தாள். "வருசா வருசம் விசா புதுப்பிக்கப் போறன். ஒவ்வொரு முறையும் அந்தப் பொய்யையும் கொண்டுதான் போறன். நீங்கள் உயிரோடை இருக்கிறியள் எண்டு உங்கடை சத்தியக்கடதாசி சொல்லுது."

"கனடாவுக்கு ஒண்டு அனுப்பிப்போட்டன்" என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "அதிலை என்ர விலாசம் இருக்கோ?"

"இல்லை. எனக்கு விலாசம் தெரியாதே."

"நல்லதாய்ப் போச்சு" என்றாள். என் மகள் வாயால் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

குழந்தை இவ்வளவு நேரமும் மெழுகுதிரியைத் தடவிக்கொண்டிருந்தது. வெயிலில் இளகியிருந்த ஒட்டு விட்டு, மேல்துண்டு புல்லில் விழுந்தது. குழந்தை தானே உடைத்துவிட்டதாக எண்ணி அழத் தயாரானது. நேர்த்தியைப் பற்றிச் சொன்னேன். நெருப்புக் காய்ச்சல், மடு, நான் தடுத்தது, ஆஸ்பத்திரியில் மனைவி கேட்டது. சுகந்தி கீழ்த்துண்டை எடுத்துக் குழந்தையின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். உச்சந்தலைக்குச் சரியாக இருந்தது.

"அம்மா நேர்ந்தது ஆறு வயதுப் பிள்ளைக்கு. அந்த உயரம் காணும்" என்றாள்.

சிற்றாலயத்தின் வெளிச்சுவர் ஓரத்தில் அதை ஏற்றி வைத்தோம். அவள்தான் கொளுத்தினாள். நான் பக்கத்தில் நின்றேன். குழந்தை ஜேர்மன் மொழியில் ஏதோ கேட்டது. சுகந்தி தமிழில் பதில் சொன்னாள், நான் கேட்கவேண்டும் என்றுதான் போலும்.

"ஜெனி, உவர் அம்மம்மாவைத் தெரிஞ்ச ஆள்."

குழந்தை என் கையைப் பிடித்தது. "அம்மம்மா எப்பிடி இருந்தவ?"

உங்கள் அம்மாவைப் போல என்றேன். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடுவா என்றேன். பாட்டுத் தெரியாது, ஆனால் சமைக்கும்போது பாடுவா என்றேன். சுகந்தி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அன்ரன் தூரத்தில் காருக்குப் பக்கத்தில் நின்று கையைக் காட்டினான். கூப்பிட்டானா, கும்பிட்டானா என்று தெரியவில்லை. போகும்போது சத்தியக்கடதாசியை என் சட்டைப்பைக்குள் தானே திரும்ப வைத்தாள். என் தொலைபேசி இலக்கத்தை வாங்கிக்கொண்டாள். தன்னுடையதைத் தரவில்லை.

திரும்பும் ரயிலில் கந்தையா அண்ணை எல்லாப் பெட்டிகளின் பலகைகளையும் இரண்டு தரம் வாசித்த பிறகே ஏறினார். "நான் எல்லாத்தையும் பழுதாக்கிப்போட்டன், என்ன?" என்றார். "இல்லை அண்ணை. நீங்கள் கூப்பிடாட்டில் அவளை நான் கண்டிருக்க மாட்டன்." அது உண்மைதான். நாங்கள் இருவரும் அதற்குமேல் எந்தக் கோபுரத்தையும் பார்க்கவில்லை.

ரொறன்ரோவில் பனி கொட்டத் தொடங்கிய மாதத்தில் குடிவரவு அலுவலகத்தில் இருந்து என்னை அழைத்தார்கள். ஓர் இளம்பெண் என் கோப்பைத் திறந்து வைத்திருந்தாள். நான் போட்ட அந்தக் கோடு தெரிந்தது. அடிமட்டம் வைத்ததால் மிக நேராக இருந்தது.

"உங்கள் மகள் கனடாவுக்கு வர விரும்புகிறாரா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"அப்படியானால் இதை ஏன் இப்போது சொல்கிறீர்கள்?"

"பெயர் அங்கே இருக்கவேண்டும்" என்றேன். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அவள் பேனாவை எடுத்தாள். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். கோட்டுக்கு மேலே சின்னதாக எழுதினாள்.

"இப்போது எங்கே இருக்கிறார்?"

"தெரியாது."

நிமிர்ந்து பார்த்தாள். "உங்கள் சொந்த மகள் எங்கே இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. என்னோடு அவளுக்குத் தொடர்பு இல்லை."

இப்படியும் ஒரு தகப்பனா என்பது போல என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வாங்கிக்கொண்டேன். உண்மை சொல்லிவிடவேண்டும் என்று புறப்பட்டுப் போனவன், அதே மகளைப் பற்றி அதே அரசாங்கத்துக்கு இரண்டாவது தடவையும் பொய் சொன்னேன். இந்தத் தடவை கை கூசவில்லை. என்னை என்ன செய்வது என்று பிறகு அறிவிப்பதாகச் சொன்னார்கள். இன்னும் கடிதம் வரவில்லை.

மாசியில் ஒரு ஞாயிறு காலை தொலைபேசி அடித்தது. எடுத்தேன். யாரோ மூச்சு விடுவது கேட்டது. பிறகு ஒரு குழந்தையின் குரல், சொற்களைத் தேடித் தேடி வந்தது.

"அம்மம்மாவின்ர திவசம் எண்டைக்கு எண்டு அம்மா கேட்கச் சொன்னவ."

திதியைச் சொன்னேன். குழந்தைக்கு விளங்கவில்லை. ஆங்கில மாதத்தில் நாள் கணக்குப் பார்த்து, மெல்ல மெல்ல, மூன்று தரம் சொன்னேன். பக்கத்தில் கடதாசியில் யாரோ எழுதும் சத்தம் கேட்டது.

"நீங்கள் ஆர் கதைக்கிறது?" என்று குழந்தை கேட்டது.

"அம்மம்மாவைத் தெரிஞ்ச ஆள்" என்றேன்.